கொல்லிப் பாவையும் 'ஆரண்ய காண்ட'மும்

முன்னுரை

நம் தமிழ்த்துறையின் இலக்கியக் களப்பயணம் ஒன்று கொல்லிமலையில் நடைபெற்றது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மாணவர்களுடன் மேலேறினோம். செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைக் கண்டோம். அறப்பளீசுவரர் கோயிலையும் ஆகாய கங்கை அருவியையும் பார்த்துத் திரும்பிய மாலையில், தங்கியிருந்த கூடத்தில் சங்கப் பாடல்களை வைத்துக் கலந்துரையாடினோம். அம்மலையையே ஊராகக் கொண்ட மாணவர் ஒருவர் எழுந்து, நாம் எதிர்பாராத வினா ஒன்றைத் தொடுத்தார்.

"ஐயா, ஓரியைக் கொன்ற கதையை நாம் பாடமாகப் படிக்கிறோம். 'ஆரண்ய காண்டம்' என்ற திரைப்படத்திலும் கொலைதான் வருகிறது. அதை மட்டும் ஏன் படிக்கலாகாது என்கிறார்கள்?"

வினாவுக்குப் பின்னணி உண்டு. அதற்குச் சில நாள்களுக்கு முன்னர், திரைப்படங்களையும் இலக்கியப் பனுவல்களைப்போல ஆராயும் பயிற்சி ஒன்றைத் துறையில் தொடங்க எண்ணி, அப்படத்தின் பெயரை முன்மொழிந்திருந்தோம். நம் ஆட்சிக்குழுப் பெரியவர்களுள் ஒருவரான ஹாஜியார் அதனைக் கேள்வியுற்று வருந்தினார். "தம்பி, பெற்றவர்கள் நம்மை நம்பிப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். ரவுடிகளின் கதையைக் காட்டவா அனுப்பினார்கள்?" என்று கேட்டார். அவர்தம் கேள்வியில் அக்கறை இருந்தது. மாணவரின் கேள்வியில் நியாயம் இருந்தது. இரண்டுக்கும் சேர்த்து விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொல்லியில் நடந்த கொலை

முதலில் கொல்லியின் பழங்கதையை எண்ணிப் பார்ப்போம். கொல்லிமலையை ஆண்ட ஓரி, கடையெழு வள்ளல்களுள் ஒருவன். யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றை ஒரே அம்பு ஊடுருவிச் செல்ல எய்த அவனது வில்லாற்றலைப் புறநானூற்று 152ஆம் பாடலில் வன்பரணர் பாடியுள்ளார். இன்றும் ஆடித்திங்களில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா எடுக்கப்பெறுகின்றது.

இத்தகைய ஓரியைக் கொன்றவன் யார்? முள்ளூர் மன்னனாகிய மலையமான் திருமுடிக்காரி. அவன் ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்தான் என்று அகநானூற்று 209ஆம் பாடலில் கல்லாடனார் குறிப்பிடுகின்றார். காரியும் கடையெழு வள்ளல்களுள் ஒருவனே என்பது ஈண்டு நோக்கத்தக்கது. கொன்றவனும் வள்ளல், கொல்லப்பட்டவனும் வள்ளல். பின்னர்ப் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழித்தபோது வீழ்ந்த அதியமானும் அவ்வெழுவருள் ஒருவனே. நிலத்துக்காகவும் வலிமைக்காகவும் நடந்த இப்போட்டியில் ஒருவனை நல்லவன் என்றும் மற்றொருவனைத் தீயவன் என்றும் பிரித்து நிறுத்தப் புலவர்கள் முயலவில்லை.

கபிலர் ஒரு படி மேலே செல்கின்றார். காரியைப் புறநானூற்றில் புகழ்ந்து பாடியவர் அவர். அவரே நற்றிணை 320ஆம் பாடலில், ஓரி கொல்லப்பட்டபின் அவனது பெருந்தெருவில் காரி புகுந்தபோது எழுந்த ஆரவாரத்தைப் பதிவுசெய்கின்றார். அதுவும் போர்ப்பாடலில் அன்று; மருதத்திணை சார்ந்த அகப்பாடலில்! பரத்தை ஒருத்தி தெருவில் நடந்து செல்ல ஊரில் எழுந்த கூச்சலுக்கு அக்கொலைத் தெருவின் கூச்சல் உவமையாகின்றது. அரசியல் கொலை ஒன்று வீட்டுவாசல் வரையில் வந்து, ஆண் பெண் உறவைப் பேசும் மொழியாகிவிட்ட செய்தியை இப்பாடல் நமக்குக் காட்டுகின்றது.

ஆகவே, 'கொலை இடம்பெறுவதால் பாடமாகாது' என்ற அளவுகோலை ஏற்போமாயின், சங்க இலக்கியத்தில் பாதியை நாம் மூடிவைக்க வேண்டிவரும். கொலை ஒரு பனுவலில் எதற்காக இடம்பெறுகின்றது, அதன் விலையை அப்பனுவல் யார்மீது சுமத்திக் காட்டுகின்றது என்பனவே நாம் கேட்கத்தக்க வினாக்கள் ஆகும்.

சிலரால் காக்கப்பெறும் படைப்புகள்

'ஆரண்ய காண்ட'த்தைத் திரை ஆர்வலர்கள் 'கல்ட் கிளாசிக்' என்று வழங்குவர். வெளிவந்தபோது பெருங்கூட்டத்தால் கொண்டாடப்பெறாமல், பின்னர்ச் சிலரால் தேடித்தேடிப் பார்க்கப்பெற்று, வாய்மொழியாகவே புகழ் பரவி நிலைபெறும் படத்தை அத்தொடர் குறிக்கும். தமிழ் மாணவர்க்கு இந்நிலை புதியதன்று. ஏட்டுச்சுவடிகளாய் ஒருசிலர் இல்லங்களிலும் மடங்களிலும் கிடந்த புறநானூற்றை 1894ஆம் ஆண்டில் உ.வே. சாமிநாதையர் அச்சில் ஏற்றினார். பலர் மறந்ததைச் சிலர் படியெடுத்துக் காத்தமையாலன்றோ ஓரியின் பெயர் நம்மை வந்தடைந்தது!

திரைத்துறையில் இவ்வகைக்கு உலகெங்கும் எடுத்துக்காட்டப்பெறும் படம் 'எல் மரியாச்சி'. மெக்சிகோ வம்சாவளியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்த ராபர்ட் ரோட்ரிகஸ் என்னும் இளைஞர், மெக்சிகோவின் எல்லையோர நகராகிய அக்குன்யாவில் எடுத்த படம் இது. 1992ஆம் ஆண்டில் வெளிப்பட்ட இப்படத்திற்கு ஆன செலவு ஏறத்தாழ 7,000 டாலர். அக்காலச் செலாவணியில் சுமார் இரண்டு லட்சம் ரூபாய் எனலாம். புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுக்குத் தம் உடலையே ஒப்படைத்து அத்தொகையில் ஒரு பகுதியை அவர் ஈட்டினார். இயக்கம், ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு ஆகிய பணிகளைத் தாமே செய்தார். படக்கருவியை நகர்த்த வண்டி வாங்கப் பணமில்லாமையால் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தினார்.

கதை மிக எளியது. வேலைதேடிக் கிட்டார்ப் பெட்டியுடன் ஓர் ஊருக்கு வருகின்றான் ஒரு பாடகன். அதே வேளையில், கிட்டார்ப் பெட்டியில் துப்பாக்கிகளை நிறைத்துக்கொண்டு ஒரு கொலைகாரனும் திரிகின்றான். இருவரும் கருப்பு உடை அணிந்தவர்கள். தாதாவின் அடியாட்கள் ஆள்மாறாட்டத்தால் பாடகனைத் துரத்துகின்றனர். முடிவில் அவன் நேசித்த பெண் கொல்லப்படுகின்றாள்; அவனது கை சுடப்படுகின்றது. இசைக்காக வந்தவன் கிட்டார்ப் பெட்டியில் ஆயுதங்களைச் சுமந்துகொண்டு ஊரைவிட்டுப் போகின்றான். வன்முறை ஒரு கலைஞனிடமிருந்து எதனைப் பறிக்கின்றது என்பதே அப்படத்தின் சாரம். ஸ்பானிய மொழி வீடியோச் சந்தைக்கென எடுக்கப்பெற்ற இப்படத்தைக் கொலம்பியா நிறுவனம் வாங்கி வெளியிட்டது. 1993ஆம் ஆண்டில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது கிட்டியது. 2011ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இப்படம் சேர்க்கப்பெற்றது. அதே ஆண்டில்தான் தமிழ்நாட்டில் 'ஆரண்ய காண்டம்' திரைக்கு வந்தது.

படம் வந்த வரலாறு

தியாகராஜன் குமாரராஜா என்னும் இயக்குநரின் முதற்படம் 'ஆரண்ய காண்டம்'. எஸ்.பி.பி. சரண் தயாரித்தார். பி.எஸ். வினோத் ஒளிப்பதிவு செய்தார். யுவன் சங்கர் ராஜா பின்னணி இசை அமைத்தார், பாடல்கள் இல்லை. இந்தித் திரையின் புகழ்பெற்ற நடிகர் ஜாக்கி ஷெராப் முதன்முதலாகத் தமிழில் நடித்தார். கூத்துப்பட்டறையில் பயின்ற குரு சோமசுந்தரம் இப்படத்தின் வாயிலாகவே திரைக்கு அறிமுகமானார்.

2010ஆம் ஆண்டில் நியூயார்க்கில் நடைபெற்ற தெற்காசியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் சிறந்த படத்திற்கான நடுவர் குழுவின் பெருவிருதை இப்படம் பெற்றது. ஆயினும் தாயகத்தில் தணிக்கைக் குழு ஐம்பதுக்கும் மேற்பட்ட வெட்டுகளைக் கோரியது. தயாரிப்பாளர் தில்லியிலிருந்த திரைப்படச் சான்றளிப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை நாடினார். அதன்பின்னரே 'ஏ' சான்றிதழுடன் 2011 ஜூன் 10ஆம் நாள் படம் வெளிவந்தது. அத்தீர்ப்பாயம் 2021ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டுவிட்டது. இன்று இத்தகைய மேல்முறையீட்டிற்கு உயர்நீதிமன்றத்தையே அணுகவேண்டும்.

திரையரங்குகளில் படம் வெற்றிபெறவில்லை. எனினும் 2012ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்ற 59ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில், அறிமுக இயக்குநரின் சிறந்த முதற்படத்திற்கான விருதும் சிறந்த படத்தொகுப்பிற்கான விருதும் இதற்குக் கிடைத்தன. இயக்குநரின் அடுத்த படமான 'சூப்பர் டீலக்ஸ்' 2019ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. இடைப்பட்ட எட்டாண்டுகளில், அரங்கில் பார்க்காதவர்களும் தேடிப் பார்த்து விவாதிக்கும் படமாக 'ஆரண்ய காண்டம்' வளர்ந்துவிட்டது.

நகரமாகிய காடு

படத்தின் தலைப்பு இராமாயணத்தின் மூன்றாம் காண்டத்தின் பெயர் என்பதை நம் மாணவர் அறிவர். சூர்ப்பணகை வருவதும் மாரீசன் மானாய்த் திரிவதும் சீதை கவரப்படுவதும் சடாயு வீழ்வதும் அக்காண்டத்திலேயே நிகழ்கின்றன. பெண்ணொருத்தி கவரப்படும் இடம் காடு. படத்திலோ அக்காடு வடசென்னை. கதை ஒரே நாளில் நடந்து முடிகின்றது.

பாத்திரங்களின் பெயர்களை நோக்குக. முதுமை எய்திவரும் தாதாவின் பெயர் சிங்கப்பெருமாள். அவனது வலக்கரமாய் விளங்குபவன் பசுபதி. எதிரிக் கூட்டத்தின் தலைவர்களாகிய உடன்பிறந்தார் கஜேந்திரனும் கஜபதியும். வாழ்ந்து கெட்ட ஒரு மனிதனின் பெயர் காளையன். சிங்கமும் யானையும் காளையும் திரியும் காடாக நகரம் ஆக்கப்பட்டுள்ளது. ஓரியின் அம்பு யானை தொடங்கி உடும்பு வரையில் ஊடுருவியதைப்போல, கொக்கைன் என்னும் போதைப்பொருள் நிறைந்த ஒரு பை, பெரியவன் முதல் சிறியவன் வரையில் அனைவர் வாழ்வையும் ஊடுருவிச் செல்கின்றது.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்பது இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் தரும் விளக்கம். நிலம் தன் இயல்பில் திரியும்போது அங்கு வாழும் மனிதரின் தொழிலும் திரிகின்றது, ஆறலைத்தல் தொழிலாகின்றது. சங்கப் பாலைப் பாடல்களில் வரும் ஆறலை கள்வரைப் புலவர்கள் போற்றவில்லை, மறைக்கவுமில்லை. தலைவன் பிரிந்து செல்லும் வழியின் கொடுமையையும், வீட்டில் காத்திருப்பவளின் அச்சத்தையும் உணர்த்தவே அவர்களைக் காட்டினர். 'ஆரண்ய காண்ட'த்தையும் பாலையின் இவ்விதியைக் கொண்டு படிக்கலாம் என்பது நம் கருத்து. படத்தின் தொடக்கத்தில் 'எது தருமம்' என்ற வினா எழுப்பப்பெறுகின்றது; தேவை எதுவோ அதுவே தருமம் என்ற பொருளில் விடையும் தரப்பெறுகின்றது. அவ்விடையைப் படம் ஏற்றுக்கொண்டதா, அன்றிச் சோதித்துப் பார்க்கின்றதா? சோதித்துப் பார்க்கின்றது என்பதற்கு இரு பாத்திரங்கள் சான்றாவர்.

பாவை என்று எண்ணப்பட்டவள்

முதலாமவள் சுப்பு. சிங்கப்பெருமாளால் அவள் விருப்பத்துக்கு மாறாக வீட்டில் வைக்கப்பட்டிருக்கும் இளம்பெண். அவளைக் காவல் காக்கும் சப்பை என்பவன் கூட்டத்தில் எவராலும் மதிக்கப்பெறாத எடுபிடி. இருவரிடையே நேசம் அரும்புவதாய்ப் படம் காட்டுகின்றது. அவள் பேசாமல் துன்பம் பொறுப்பவள் என்றே பார்ப்பவர் நினைப்பர். தலைவனும் அவ்வாறே நினைக்கின்றான். சப்பையும் அவ்வாறே நினைக்கின்றான். இறுதியில் அவ்விருவரும் வீழ்ந்தபின், எவர் தயவும் இன்றி வெளியேறுபவள் அவளே. ஆண்கள் திட்டமிட்டுக்கொண்டிருந்த வேளையில் அவளும் திட்டமிட்டுக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் நமக்குப் புலனாகின்றது.

ஈண்டு கொல்லிப் பாவை நம் நினைவுக்கு வருகின்றாள். கொல்லியின் மேற்குப் பக்கத்தில் தெய்வம் அமைத்த பாவை என்றும், பூதம் செய்த பாவை என்றும், காற்றும் மழையும் மோதினும் எழில் குன்றாதவள் என்றும் நற்றிணையும் குறுந்தொகையும் அவளைப் பேசும். புன்முறுவலால் பகைவரைத் தன்பால் ஈர்த்து அழிப்பாள் என்பது மலைமக்களிடையே வழங்கும் செவிவழிக் கதை. அசைவற்ற பாவை என்று நெருங்கியவர் அழிகின்றனர். சுப்புவையும் ஆண்கள் பாவை என்றே எண்ணினர். அவ்வெண்ணமே அவர்களுக்கு அழிவாயிற்று.

இவ்வடிவம் தமிழில் தொடர்ந்து வந்துள்ளது. குண்டலகேசிக் காப்பியத்தில், தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச் சென்ற கள்வனாகிய கணவனை வலம்வந்து, பின்னிருந்து தள்ளுகின்றாள் பத்திரை. காப்பியம் முழுமையாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களும் கதையுமே எஞ்சின. ஆயினும் கொல்லிமலைக்கு அண்மையிலுள்ள சேலத்தில் இயங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம், 1950ஆம் ஆண்டில் 'மந்திரி குமாரி' என்ற படத்தில் அக்கதைக்குத் திரையில் உயிர் தந்தது. மு. கருணாநிதி உரையாடல் எழுதிய அப்படத்தில், கொள்ளைக்காரனாகிய கணவனை மலையுச்சியிலிருந்து தள்ளும் பெண்ணை ஊரெல்லாம் கண்டது. அறுபத்தோர் ஆண்டுகளுக்குப்பின் வந்த சுப்பு அவளுக்குத் தங்கை முறையினள் எனலாம்.

ஆனால் வேறுபாடு ஒன்றையும் மாணவர் கருதவேண்டும். பத்திரை தன்னைக் கொல்ல வந்தவனையே கொன்றாள். சுப்புவோ தன்னிடம் அன்பு காட்டிய சப்பையையும் கொல்கின்றாள். அதனை நீதி என்று ஏற்க நம் மனம் இடந்தரவில்லை. அவளை ஒடுக்கிய உலகம் அவளுக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தையே அவள் திருப்பிச் செய்தாள் என்று விளக்கலாம். சரி என்று சொல்லுதல் அரிது. காளான்போல் முளைக்கும் பழிவாங்கும் படங்களில் இத்தகைய தயக்கம் பார்ப்பவர்க்கு எழுவதில்லை.

மகன் தந்த விடை

இரண்டாவது பாத்திரம் கொடுக்காப்புளி என்னும் சிறுவன். காளையனின் மகன். ஒருகாலத்தில் செல்வராய் வாழ்ந்த காளையன் குடியாலும் சேவற்சண்டையாலும் அனைத்தையும் இழந்தவன். மகனின் மதிப்பைப் பெறுதற்குரிய செயல் எதையும் அவன் செய்ததாய்த் தெரியவில்லை. போதைப்பொருள் பையால் தந்தை இக்கட்டில் சிக்கியபோது, அச்சிறுவனே பெரியவர்களிடையே நின்று பேசித் தந்தையை மீட்க முயல்கின்றான். தந்தைமீது அவ்வளவு அன்பா என்று பசுபதி வியந்து கேட்கின்றான். அன்பு என்று பெரிதாய்ச் சொல்வதற்கில்லை, ஆயினும் அவர் தன் தந்தை என்ற பொருள்பட விடையளிக்கின்றான் சிறுவன்.

தேவை எதுவோ அதுவே தருமம் என்று தொடங்கிய படத்தில், எத்தேவையும் சாராத ஒரு கடமையை உரைக்கும் குரல் இதுவே. அந்தத் தந்தையால் அவனுக்குப் பயனில்லை. வருங்காலத்தில் பயன் விளையும் என்ற நம்பிக்கையுமில்லை. ஆயினும் உறவு உறவே. சிங்கமும் யானையும் மோதும் காட்டில் அறம் எங்கே ஒதுங்கியிருக்கின்றது என்று தேடினால், எவரும் எண்ணிக்கையில் கொள்ளாத சிறுவனிடம் அது காணப்பெறுகின்றது. இக்காட்சியே படத்தைப் பாடத்திற்குரியதாக்குகின்றது என்பது நம் துணிபு.

கொல்லிமலைக் கூடத்தில் இக்காட்சியை வாய்மொழியாக விளக்கியபோது, வினா எழுப்பிய அம்மாணவர் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். அனைவரும் உறங்கச் சென்றபின் நம்மிடம் வந்து பேசினார். அவர்தம் தந்தை கடனிலும் குடியிலும் மிளகுத் தோட்டத்தை இழந்தவர். தாயார் கூலிவேலைக்குச் செல்கின்றார். தந்தையோடு பேசியே ஓராண்டு ஆகின்றதாம். "அந்தப் பையன் சொன்னது எனக்குச் சொன்னது மாதிரி இருந்தது, ஐயா" என்றார். அவர் ஏன் அப்படத்தைப் பற்றிக் கேட்டார் என்பது அப்போதுதான் நமக்கு விளங்கியது. மறுநாள் பயணம் முடிந்து நாம் இறங்கியபோது அவர் எம்மோடு இறங்கவில்லை. இரண்டு நாள் வீட்டில் தங்கி வருவதாகச் சொல்லி விடைபெற்றார்.

பெரியவரின் கேள்விக்கு விடை

இனி ஹாஜியாரின் கேள்விக்கு வருவோம். படத்தின் சிறப்புகளை எடுத்துரைத்தமையாலேயே அவர்தம் கேள்வி அற்றுப்போகாது. அவர் கூறியவற்றுள் மூன்றினை நாம் ஏற்கின்றோம்.

ஒன்று, இது 'ஏ' சான்றிதழ் பெற்ற படம். பதினெட்டு வயது நிறையாதவர்க்கு இதனைத் திரையிடுதல் சட்டப்படி தவறு. நம் இளங்கலை முதலாண்டு வகுப்பில் பதினேழு வயது மாணவர் பலர் உளர். ஆதலால் வகுப்பில் படத்தைத் திரையிடும் எண்ணத்தைக் கைவிட்டோம். முதுகலை மாணவர்க்கு மட்டும் ஆய்வுப்பொருளாய் வைத்தோம். விரும்பாதவர் வேறு படத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றும் அறிவித்தோம்.

இரண்டு, படத்தின் உரையாடல் கொச்சையும் வசையும் மிகுந்தது. பாத்திரத்திற்கேற்ற பேச்சு என்று அமைதி கூறலாம். ஆயினும் வகுப்பில் ஆணும் பெண்ணும் அருகமர்ந்து படிக்குமிடத்தில் கேட்பவரின் கூச்சத்தையும் ஆசிரியர் மதிக்கவேண்டும்.

மூன்று, வடசென்னை என்றாலே அடிதடி என்று காட்டும் வழக்கம் தமிழ்த்திரையில் வேரூன்றிவிட்டது. துறைமுகத்திலும் தொழிற்கூடங்களிலும் உழைத்து வாழும் இலட்சக்கணக்கான மக்களின் ஊர் அது. 'ஆரண்ய காண்டம்' அவ்வழக்கத்திலிருந்து முற்றிலும் விலகியது என்று சொல்வதற்கில்லை. இக்குறையை மாணவர்க்கு எடுத்துக்காட்டுதலும் திறனாய்வின் கடமையே ஆகும்.

ஏற்க இயலாதது ஒன்றே. ரவுடிகளின் கதையைப் படித்தால் பிள்ளைகள் ரவுடிகளாவர் என்ற அச்சத்தை நாம் பகிரவில்லை. இப்படத்தில் வன்முறையைத் தொழிலாய்க் கொண்ட எவரும் பார்ப்பவர் பொறாமைப்படும் வாழ்வை வாழவில்லை. தலைவன் தன் முதுமையைக் கண்டு நாணுகின்றான். வலக்கரமானவன் தலைவனாலேயே வேட்டையாடப்படுகின்றான். அவன் மனைவி பணயமாக்கப்படுகின்றாள். நாயகன் நூறு பேரை அடித்து வீழ்த்தியபின் பூமாலை பெறும் படங்களை நம் பிள்ளைகள் விழாநாள்தோறும் குடும்பத்தோடு பார்க்கின்றனர். அவற்றுக்கு யாரும் தடை சொல்வதில்லை. எது மிகுந்த தீங்கு செய்யும் என்பதைப் பெரியவர்களின் சிந்தனைக்கே விடுகின்றோம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கொலையைப் பேசும் பனுவலைத் தமிழ் மரபு விலக்கவில்லை என்பதும், அக்கொலையின் விலையை அகத்திற்குள் கொண்டுவந்து காட்டுவதே அம்மரபின் வழி என்பதும், 'ஆரண்ய காண்டம்' பெரும்பான்மையும் அவ்வழி நிற்கின்றது என்பதும் விளங்கும். சிறுமுதலீட்டில் எழுந்த 'எல் மரியாச்சி'யும், அரங்குகளில் தோற்ற 'ஆரண்ய காண்ட'மும் காலத்தைக் கடந்து நிற்பது துப்பாக்கிகளால் அன்று. ஒரு பாடகனின் கையும், ஒரு பெண்ணின் மௌனமும், ஒரு சிறுவனின் விடையுமே அவற்றை நிலைநிறுத்தின. சந்தை எண்ணாத படங்கள், வலியவர் எண்ணாத மனிதரைப் பற்றிப் பேசுகின்றன.

இக்கட்டுரையின் கையெழுத்துப் படியை ஹாஜியாரிடம் முன்னரே கொடுத்தோம். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். படத்தைப் பற்றிய அவர்தம் கருத்து மாறவில்லை. அதனை மறைக்க நாம் விரும்பவில்லை. ஆனால் சிறுவனின் விடை வரும் பக்கத்தில் மட்டும் ஓரத்தில் பென்சிலால் கோடிட்டிருந்தார். "இந்தப் பிள்ளை சொன்னது சரிதான், தம்பி. நல்ல தகப்பனுக்கு எல்லாப் பிள்ளையும் மகனாக இருக்கும்" என்றார். பின்னர், "அந்த மலைப் பையனுக்கு இந்தப் பருவக் கட்டணம் கட்டியாயிற்றா?" என்று விசாரித்தார்.

அம்மாணவர் கல்லூரிக்குத் திரும்பிவிட்டார். ஊரிலிருந்து வரும்போது தந்தை கொடுத்தனுப்பியது என்று பலாப்பழம் ஒன்றைத் துறைக்குக் கொண்டுவந்தார். அனைவரும் பகிர்ந்து உண்டோம்.